தராசடியும் திருவிருந்தும்

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் ஞாயிறுதோறும் முன்னின்று ஜெபிப்பவர்தான் எங்கள் மலைக்குக் கணக்கப்பிள்ளை. திங்கட்கிழமை தராசடியில் ஆளே வேறு. வெயிலடித்தாலும் ‘ஈரக் கொழுந்து’ என்று 3 கிலோ கழிக்கிறார். 19 கிலோ 16 ஆகி, அன்றைய அளவு எட்டாமல் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழுகிறது. அவர் கையால் திருவிருந்துக் கிண்ணம் வாங்க மனம் கூசுகிறது. வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?
- ஒரு சகோதரி, டயகம

பதில்: சகோதரி, கோயிலை விடாதீர்கள். ஊழியன் கெட்டவனானால் அவன் கொடுக்கும் திருவிருந்தும் கெட்டுவிடுமா என்று நான்காம் நூற்றாண்டிலேயே வட ஆபிரிக்கச் சபை பிளவுபட்டது. கெடாது, அது கிறிஸ்துவின் கொடை என்று வாதாடியவர் அகுஸ்தீன்.

இதைச் சொல்லிக் கணக்கப்பிள்ளையைத் தப்பவிட எனக்கு மனமில்லை. சாக்கின் எடையைக் கழிப்பது கணக்கு; இல்லாத ஈரத்தைக் கழிப்பது களவு. வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் வைத்த கூலியின் முறைப்பாடு கடவுள் காதுக்கு எட்டுகிறது என்கிறார் யாக்கோபு, ஐந்தாம் அதிகாரத்தில்.

மலையகத்துக்கு இது புது நோயல்ல. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்ய 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குச் சந்தா கொடுத்தவர்கள் தோட்டத் துரைமார். அந்தக் காலத்துத் தோட்டங்களிலோ சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மிஷன் உபதேசியாருக்குப் படி, உபதேசம் கேட்டவனுக்குப் பாக்கி! அந்தத் துரைமார் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். பக்தியை ஒரு பேரேட்டிலும் கூலியை இன்னொன்றிலும் எழுதிப் பழகிவிட்டார்கள். உங்கள் கணக்கப்பிள்ளைக்கும் அதே பழக்கம். இயேசு வீட்டுக்கு வந்தபோது ஆயக்காரனான சகேயு ஜெபத்தை நீட்டவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

உங்கள் சாக்கில் முற்றல் இலையும் தெளித்த தண்ணீரும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு நாள்தோறும் நிறுவையையும் கழிவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மத்தேயு 18 சொல்கிறபடி கணக்கப்பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சபைக்குச் சொல்லுங்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடமும் கொப்பியைக் காட்டுங்கள். சங்கத்துக்குப் போவது விசுவாசத் துரோகம் என்று யாராவது மிரட்டினால், இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.