சாப்பாட்டுப் பெட்டி நிறைந்தபடியே திரும்பி வருகிறதா?

கேள்வி: இரண்டரை வயது மகனுக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு டே கெயாரிலிருந்து அப்படியே திரும்பி வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: முதலில் பால் போத்தலைப் பாருங்கள், தங்கச்சி. நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? தேத்தண்ணியும் வேண்டாம், மலையகத்தில் சின்னதுகளுக்கும் ஊற்றிக்கொடுக்கிறோம், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் நன்றாகச் சேரவிடாது.

பெட்டியில் அவன் விரும்புவது ஒன்று, புதிது ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். இடியப்பத்தைப் பருப்போடு பிசைந்து சின்ன உருண்டையாக்குங்கள். பின்னேரத்துக்கு நன்றாக அவித்து மசித்த பயறு, வாழைப்பழம். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்திருந்தால் அதிலும் உருண்டை பிடிக்கலாம். புதியதைப் பத்துப் பதினைந்து தடவை கண்ட பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். முழுக் கச்சான், முழுத் திராட்சை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். டே கெயார் அக்காமாரிடமும் கெஞ்சி ஊட்ட வேண்டாமென்று சொல்லுங்கள். எடை ஏறாவிட்டால் மட்டும் மருத்துவமாதிடம் காட்டுங்கள்.