எடைக்குப் போடுமுன் பல்லை எண்ணுங்கள்

பெரியப்பாவின் ஒர்க்‌ஷாப் மூடிக் கிடக்கிறது. உள்ளே அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு காலத்துக் கியர் பாக்ஸ்கள். விற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டீர்களா? முதலில் பங்கைப் பேசி, லாரி வாடகை யார் தலையில் என்பது உட்பட ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரியப்பா முகம் சுளிப்பார். பரவாயில்லை.

எது எந்த வண்டியுடையது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. பெயர் தெரியாத பாக்ஸுக்குக் காயலான் கடையில் கிலோ விலைதான். அம்பாசடர் 2014 வரை வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பாக்ஸ் இல்லை. பழைய வண்டிகளில் நாலு கியர், கியர் ராடு ஸ்டீயரிங் பக்கம். 1990-களில் வந்த இசுசு இன்ஜின் வண்டியில் ஐந்து கியர், ராடு தரையில். ஹெரால்டு சென்னையில் தயாரானாலும் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப். ஆகவே அங்கேயும் ஆள் தேடலாம். கேசிங்கில் உள்ள எண்களைத் துடைத்துப் படம் எடுங்கள். கிரைண்டரை அருகே கொண்டு போகாதீர்கள், எண் போய்விடும்.

டிஃபரன்ஷியலில் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துச் சேர்க்கப்பட்டவை. பிரித்து விற்றால் வாங்கியவர் வண்டி ஊளையிடும், அடுத்து அவர் உங்களிடம் வருவார். கம்பியால் சேர்த்துக் கட்டி, பல்லை எண்ணி எழுதுங்கள்: கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.875. கேட்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஷாஃப்ட் சுற்றுகிற பாக்ஸை முழுசாக விற்கலாம். கேசிங் விரிசல் விட்டிருந்தால் மட்டும் பிரியுங்கள். சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்திப் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் தேய்ந்தது. பல் நுனி உடைந்திருந்தால் அதையே பெரிதாகப் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். பழைய கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்துத் தூசி கிளப்ப வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் விலை விசாரியுங்கள். "மொத்தமா போடு தம்பி" என்பார்கள், அவசரப்படாதீர்கள். அவர்களிடமே நிறையக் கிடக்கிற சாமானை அங்கே தள்ளுங்கள். அரியதைப் பழைய வண்டி புதுப்பிப்பவர்களுக்கு ஒதுக்குங்கள். தொழிலாக நடத்தி வெளிமாநிலத்துக்கு விற்பதானால், விற்பனை சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

ஆயிலை முழுக்க வடித்த பிறகே பார்சல் ஆபீசுக்குக் கொண்டு போங்கள். சொட்டுகிற சாமானை எடுக்கமாட்டார்கள். இன்புட் ஷாஃப்ட் முனையில் பழைய டியூபைச் சுற்றி, மரப்பெட்டிக்கு ஆணியடிக்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.