வீட்டுக் கோழியும் ஊர்ப் பொறுப்பும்

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவர் வீட்டுக் களத்திலும் நெசவாளர் வீட்டுப் புழக்கடையிலும் நாலைந்து பெட்டைகள் மேய்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்டவும் இயலாது. வேலை குன்றிய அந்நாட்களில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பவற்றுள் இல்லத்தரசி வளர்த்த கோழியும் ஒன்று. எவரையும் கேளாமல் அவள் எடுத்துச் செலவிடக் கூடிய பணம் பல வீடுகளில் அதுவே.

இத்தகைய செல்வம் ஒரு கோடையில் ஒரே வாரத்தில் அழிந்துபோவதும் உண்டு. "காலம் சரியில்லை" என்று கூறி நாம் அமைதி அடைந்துவிடுகின்றோம். உண்மை யாதெனில், இவ்விழப்பில் பெரும்பகுதி தடுக்கக் கூடியதே. அதில் ஒரு பகுதியை வீட்டார் தாமே தடுத்துக்கொள்ளலாம். மற்றொரு பகுதியை ஊரார் கூடினாலன்றித் தடுக்க இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு வீட்டில் ஐந்து நாட்டுப் பெட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டில் மூன்று முறை, முறைக்குப் பத்து முட்டையாக அடை காக்கின்றது. பத்தில் எட்டுப் பொரித்தால் ஆண்டுக்கு 120 குஞ்சுகள் கிடைக்கும். ஓர் ஈட்டில் இரண்டு குஞ்சுகளே பிழைத்தால் முடிவில் மிஞ்சுவன 30. ஆறு பிழைத்தால் 90. தாய்க்கோழியும் ஒன்றே, முட்டையும் ஒன்றே. வேறுபாடு 60 கோழிகள்! அவற்றின் விலையைத் தத்தம் ஊர்ச் சந்தை விலைப்படி வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நமது முயற்சி முட்டையைப் பெருக்குவதிலும் மேலாகக் குஞ்சைக் காப்பதில் செல்ல வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அடை வைத்தல்

பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. அதே மந்தையில் பிறந்த சேவலையே வழிவழியாக வைத்துக்கொண்டால் குஞ்சுகள் நலிந்து பிறக்கும். முட்டை பொரிப்பதும் குறையும். ஆதலின் ஆண்டுக்கொரு முறை அயலூரிலிருந்து நல்ல சேவலை மாற்றிக் கொள்வது நலம்.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்கு மேற்பட்டதாக இருத்தலாகாது. கோடையில் அதனினும் புதியதாக இருத்தல் வேண்டும். மிகப் பெரியதும், மிகச் சிறியதும், ஓட்டில் கீறல் கண்டதும் ஆகாது. ஒரு நாட்டுக்கோழி பத்து முதல் பன்னிரண்டு முட்டைகளை நன்கு மூடிக் காக்கும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலை போல் இரத்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாத தெளிந்த முட்டையை நீக்கிவிடலாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகள் வெளிவரும்.

முதல் நான்கு வாரங்கள்

குஞ்சுகள் மிகுதியாக மடிவது இப்பருவத்திலேதான். பருந்து, காகம், கீரி, பூனை ஆகிய யாவும் குஞ்சுக்குப் பகை. ஆதலின் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆள் பார்வையில் மட்டுமே மேயவிட வேண்டும். தண்ணீர்த் தட்டு ஆழமின்றி இருக்கட்டும். அதில் சில கூழாங்கற்களை இட்டுவைத்தால் குஞ்சு விழுந்து நனையாது.

தாயின்றி வளர்ப்போர் விளக்கின் வெப்பத்தை நாடுவர். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய இழை விளக்கே இதற்கு ஏற்றது. வெப்பத்தின் அளவைக் குஞ்சுகளே நமக்குக் கூறும். அவை விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் சூடு போதாது. விலகிச் சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாக நின்று இரை பொறுக்கினால் சரியானது.

நொய், கம்பு, கேழ்வரகுடன் கறையானும் குஞ்சுகளுக்குச் சிறந்த இரை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, மாலையில் கறையான் புற்றருகே கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் சேர்ந்திருக்கும். செலவின்றிக் கிடைக்கும் புரதம் இது.

அன்றாடத் தொல்லைகள்

முட்டையைக் கோழியே கொத்திக் குடிப்பதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஒரு காரணம். முட்டையிட மறைவான இடமின்மை மற்றொன்று. கிளிஞ்சல் தூளோ, வேகவைத்துப் பொடித்த முட்டை ஓடோ தீவனத்தில் கலக்க வேண்டும். இருளான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடை ஒன்றை வைத்து, முட்டையை அவ்வப்போதே எடுத்துவிட வேண்டும்.

பேன் தொல்லைக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று போதும். கோழி தானே புரண்டு உடலைத் தூய்மை செய்துகொள்ளும். உண்ணியோ பகலில் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும். கோழியை மட்டும் பார்ப்போர் கண்ணுக்கு அது படாது. கூட்டின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுவதே தீர்வு. குடற்புழு நீக்க மருந்தினைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி குறித்த காலங்களில் கொடுத்து வர வேண்டும்.

நெசவாளர் தெருக்களில் மற்றொரு தொல்லை உண்டு. காலையில் பாவு நீட்டும் வேளையில் கோழிகள் குறுக்கே ஓடிப் பூசலை விளைவிக்கும். பாவு வேலை முடியும் வரை கோழிகளைக் கூட்டிலேயே வைத்திருத்தல் நல்லது. பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுவதால், முட்டை அயலார் வேலியோரம் போகாமல் நம் கூட்டிலேயே கிடைக்கும் நன்மையும் இதனால் உண்டாகும்.

கழிச்சல் நோய்

இதுவரை கூறியவை வீட்டார் தாமே செய்யக் கூடியவை. இனி ஊரார் செய்ய வேண்டியதைக் காண்போம்.

வெள்ளைக் கழிச்சல் என்று நம் மக்கள் கூறும் நோய்க்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரின் அருகிலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டதால் நம் நாட்டில் அவ்வூரின் பெயரையே பெற்றது. பச்சையும் வெள்ளையுமாய்க் கழிதல், இறகு தொங்குதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகுதல் ஆகியவை இதன் குறிகள். வந்தபின் இதற்கு மருந்தில்லை. தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. நமக்கு அருகே இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அரசுக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே இம்மருந்து தயாராகின்றது.

குஞ்சுக்கு ஏழாம் நாளையொட்டி ஒரு துளி மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். எட்டு வாரம் நிரம்பியதும் இறக்கையில் ஊசி போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவருதல் அவசியம். ஒரு குப்பியில் பல பத்துக் கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் அது பயன்பட்டாக வேண்டும். ஐந்து கோழி உடைய வீட்டார் தமக்கென ஒரு குப்பியை உடைத்தால் எஞ்சியது வீணாகும். அன்றியும், ஐம்பது வீடுகளில் ஐந்து வீடுகள் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் நோய் ஊரைவிட்டு நீங்காது. கோழி தனி வீட்டுச் சொத்து. நோயோ ஊருக்குப் பொது.

ஊராட்சி செய்ய வேண்டியது

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சபையார் ஏரிக்கென ஒரு வாரியம் அமைத்தனர். ஏரி உடைந்தால் ஒருவர் வயல் மட்டும் அழியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கோழி நோயும் அத்தன்மையதே.

கால்நடை பராமரிப்புத் துறையினர் பிப்ரவரித் திங்களில் இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி வருகின்றனர், ஊசி இலவசமே. முகாம் நாளை ஊராட்சி உறுப்பினர் முன்கூட்டியே தெருத்தோறும் அறிவிக்க வேண்டும். விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டால் பிடிப்பது அரிது. ஆதலின் முதல் நாள் இரவு அடைத்தவற்றைக் காலையில் திறவாதிருக்குமாறு சொல்லி வைக்க வேண்டும். நோயுற்ற கோழிக்கு ஊசி போடலாகாது.

முகாமில் எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கே ஊசி போடப்படும். பங்குனி, சித்திரையில் பொரிக்கும் குஞ்சுகள் அக்காப்பின்றி வளர்ந்து, ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழாவின்போது நல்ல விலைக்குப் போக வேண்டிய நேரத்தில் மடிகின்றன. ஆகவே வீடுதோறும் உள்ள கோழிகளைக் கணக்கெடுத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இடையே மற்றொரு நாளையும் கேட்டுப் பெறுவது உறுப்பினர் கடமையாகும்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். இறந்த கோழியை ஏரியிலோ கால்வாயிலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோய் கண்டவுடன் மற்றவற்றை அவசரமாய்ச் சந்தைக்கு அனுப்புவது அடுத்த ஊருக்கு நோயை அனுப்புவதாகும். பல கோழிகள் திடீரென ஒருங்கே மடிந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக் கூடும். அப்போது வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவருக்கோ 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீர் ஆகியவற்றுடன் கோழித் தடுப்பூசி நாளும் ஒரு பொருளாக இடம்பெறட்டும். அதைக் கேட்டு எழுப்ப வேண்டியவர்கள் கோழி வளர்க்கும் தாய்மார்களே. மழைக்காலத்தில் தறி நின்ற வீட்டில் அடுப்பு எரிய அதுவும் ஒரு வழி செய்யும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.