குழந்தைகளின் பல் அவசரங்களும் தொலைவழி ஆலோசனையும்

பள்ளி விளையாட்டிடத்தில் ஓடும் சிறுவன் கல்லிலோ கம்பத்திலோ மோதி விழும்போது மேல்வரிசை முன்பல் வேரோடு பெயர்ந்து விழுவதுண்டு. பல் மருத்துவர் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருப்பார். சிற்றூரிலிருந்து பேருந்தில் அங்குச் சென்று சேர இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஆனால் பெயர்ந்த பல்லின் வேரைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வின் உயிரணுக்கள் உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரத்திற்குள் அழிந்துவிடுகின்றன. சாலை நேரத்திற்கும் சவ்வின் ஆயுளுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளியை நிரப்புவதே தொலைவழி ஆலோசனையின் தலையாய பயன் ஆகும். செய்ய வேண்டிய சிகிச்சை எளியது. அதைச் செய்யும் கை ஆசிரியருடையது; வழிகாட்டும் அறிவு மருத்துவருடையது.

தொலைமருத்துவமும் அதன் விதிகளும்

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தொலைமருத்துவ முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. இதற்கான நடைமுறை விதிகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. மத்திய சுகாதார அமைச்சின் ‘இ-சஞ்சீவனி’ சேவையில் இரு பிரிவுகள் உள்ளன. 2019 நவம்பரில் தொடங்கிய பிரிவு, துணைச் சுகாதார நிலையங்களின் அலுவலர்களைத் தொலைவிலுள்ள மருத்துவர்களோடு இணைக்கிறது. 2020 ஏப்ரலில் தொடங்கிய மற்றொரு பிரிவில் பொதுமக்கள் வீட்டிலிருந்தே மருத்துவரை நாடலாம்.

இவ்விதிகளுள் களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, வயது நிரம்பாத குழந்தைக்குத் தொலைவழி ஆலோசனை பெறும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அவர் இன்னாரென மருத்துவர் உறுதி செய்துகொள்வார். இரண்டாவது, அவசர நிலையில் முதலுதவி, உயிர்காப்பு, எங்கு அனுப்புவது என்னும் அறிவுரை ஆகியவற்றோடு தொலைவழி ஆலோசனை நின்றுவிட வேண்டும். குழந்தையை விரைவில் மருத்துவர் நேரிற் காண்பது கட்டாயம்.

பாற்பல்லா, நிலைப்பல்லா?

பல் விபத்தில் முதலில் எழும் வினா இதுவே. பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. ஏறத்தாழ 6 முதல் 12 வயது வரை இவ்விருவகைப் பற்களும் வாயில் கலந்திருக்கும். மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் 7 அல்லது 8ஆம் வயதில் நிலைப்பற்களாக முளைக்கின்றன. ஆதலால் ஐந்து வயதுக் குழந்தையின் மேல் முன்பல் பெரும்பாலும் பாற்பல். பத்து வயதுச் சிறுவனுடையது நிலைப்பல். பாற்பல் சிறியதாகவும் வெண்மையாகவும் இருக்கும். நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள் சாயல் உடையது, புதிதாக முளைத்ததாயின் அதன் விளிம்பில் சிறு மேடுபள்ளங்கள் தெரியும்.

பெயர்ந்து விழுந்த பாற்பல்லை மீண்டும் குழியிற் பொருத்தலாகாது. அவ்வாறு அழுத்தினால் அதன்மேல் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் கரு சிதையக்கூடும். நிலைப்பல்லுக்குச் செய்ய வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. பல்லின் வகையில் ஐயம் இருப்பின் அதனைப் பாலிலிட்டுப் படமெடுத்து மருத்துவருக்கு உடனே அனுப்புதல் நலம்.

பெயர்ந்து விழுந்த நிலைப்பல்

1. பல்லைத் தேடி எடுக்க வேண்டும். வாயில் வெளியே தெரியும் வெண்பகுதியை மட்டுமே பிடிக்க வேண்டும். வேரைத் தொடுதல் கூடாது.

2. மண் ஒட்டியிருப்பின் பாலிலோ மருத்துவ உப்புநீரிலோ மெல்ல அலசலாம். தேய்ப்பதும், சோப்பு இடுவதும், துணியால் துடைப்பதும் வேரின் சவ்வை அழித்துவிடும்.

3. குழந்தை நினைவோடும் ஒத்துழைப்போடும் இருப்பின், பக்கத்துப் பல்லின் அமைப்பைப் பார்த்து, பல்லை அதன் குழியிலேயே உடனே பொருத்தி, மடித்த துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். கடும் இதய நோயோ நோய் எதிர்ப்புக் குறைவோ உள்ள குழந்தையாயின் மருத்துவரைக் கேளாமல் பொருத்தலாகாது.

4. பொருத்த இயலாவிடில் பல்லைப் பாலில் இட்டு உடன் கொண்டு செல்ல வேண்டும். பால் கிடையாதாயின் குழந்தையின் உமிழ்நீரை ஒரு கிண்ணத்தில் சேர்த்து அதில் இடலாம். வெறும் தண்ணீர் சிறந்ததன்று. எனினும் பல்லை உலரவிடுவதைவிட மேலானது.

மூன்றாவது படியில்தான் ஆசிரியர் பலரும் தயங்குவர். இரத்தம் கசியும் வாயில் பல்லைச் செருகுவதற்குத் துணிவு வேண்டும். காணொளியில் மருத்துவர் தோன்றி, “எந்தப் பக்கம் முன்புறம், எவ்வளவு அழுத்த வேண்டும்” என்று சொல்லிக்கொண்டிருப்பின் அத்தயக்கம் நீங்கும். ஆயினும் இணைப்புக் கிடைக்கும்வரை முதல் இரண்டு படிகளையும் பாலில் இடுவதையும் தள்ளிப்போடலாகாது. ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் பொருத்தப்பட்ட பல்லின் சவ்வு பெரும்பாலும் உயிரோடிருக்கும்.

பின்னர்ப் பல் மருத்துவர் அப்பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறத்தாழ இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். வேர் முழுதும் வளர்ந்த பல்லாயின் அந்த இரண்டு வாரத்திற்குள் வேர்ச்சிகிச்சையைத் தொடங்குவார். இவை யாவும் நேரிலேயே செய்யப்பட வேண்டியவை. முறிந்த பல்துண்டு கிடைத்தால் அதனையும் ஈரத்திலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அதனை மீண்டும் ஒட்டக்கூடும்.

பல்வலியும் வீக்கமும்

விபத்தைவிட அடிக்கடி நேர்வது சொத்தைப் பல்லின் வலி. இங்குத் தொலைவழி ஆலோசனையின் பணி, இன்றே செல்ல வேண்டிய குழந்தையையும் சில நாள் பொறுக்கத்தக்க குழந்தையையும் பிரித்தறிதலாகும். பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று காணப்படினும் ஆலோசனைக்குக் காத்திராமல் 108 ஆம்புலன்சையோ கிடைக்கும் வண்டியையோ அழைக்க வேண்டும்.

அ. வீக்கம் தாடையின் கீழோ கழுத்துக்கோ பரவுதல். கண்ணை மூடச் செய்தல்.
ஆ. விழுங்கவோ மூச்சுவிடவோ வருந்துதல், எச்சில் வழிதல், வாய் திறக்க முடியாமை.
இ. காய்ச்சலோடு குழந்தை துவண்டு கிடத்தல்.
ஈ. அடிபட்டபின் நினைவு தவறுதல், வாந்தி, பற்கள் முன்போல் பொருந்தாமை.
உ. சுத்தமான துணியால் 20 நிமிடம் அழுத்திய பின்னும் இரத்தம் நில்லாமை.
ஊ. விழுந்த பல் கிடையாமல் குழந்தை இருமுதலும் மூச்சுத் திணறுதலும். பல் மூச்சுக்குழலில் சென்றிருக்கலாம்.

இவை இல்லாத வலிக்கு, குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தர மருத்துவர் கூறுவார். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குத் தரத் தகாதது. அதனை ஈறில் வைத்தால் ஈறு வெந்து புண்ணாகும். கிராம்பு எண்ணெயும் புகையிலையும் வைப்பது அவ்வாறே தீங்கு தரும். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலியை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தீர்க்காது. அதனை வற்புறுத்திக் கேட்டல் முறையன்று.

மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியவை

நல்ல செய்தியே நல்ல ஆலோசனைக்கு அடிப்படை. குழந்தையின் வயது, எடை, விபத்து நேர்ந்த மணி, பல் வெளியே உலர்ந்திருந்த நேரம், நினைவு தவறியதா என்பது, வேறு நோய்கள், ஒவ்வாத மருந்துகள், கடைசித் தடுப்பூசியின் காலம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அழைத்தால் நேரம் மிஞ்சும். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் 10, 16 ஆகிய வயதுகளில் இரணஜன்னித் தடுப்பு அடங்கிய ஊசி இடம்பெற்றிருப்பதால் பள்ளிச் சுகாதார அட்டையைப் பார்த்தல் பயன் தரும்.

படம் எடுக்கையில் குழந்தையைச் சன்னலை நோக்கி அமரச் செய்ய வேண்டும். முகம் முழுதும் ஒன்று, வீங்கிய பக்கம் ஒன்று, பற்களைக் கடித்த நிலையில் ஒன்று, மேல்வரிசையும் கீழ்வரிசையும் தனித்தனியே என ஐந்து படங்கள் போதும். கன்னத்தை விலக்கக் கழுவிய கரண்டியின் காம்பு உதவும். இப்படங்களைப் பெற்றோரின் இசைவோடு மருத்துவருக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். பள்ளியின் பொதுக் குழுக்களில் இடுதல் தவறு.

தொலைபேசியின் எல்லை

கைப்பேசித் திரையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க முடியாது. பல்லைத் தட்டிப் பார்க்கவோ, ஈறுக்குள் முறிந்த வேரைக் காணவோ மருத்துவரால் அங்கிருந்து இயலாது. மேலே நன்றாகத் தோன்றும் பல் உள்ளே உயிரிழந்து, மாதங்கள் சென்ற பின் கறுத்துச் சீழ் பிடிக்கலாம். வலி நின்றதும் பெற்றோர் பயணத்தைக் கைவிடுவதால் இழக்கப்படும் பற்கள் பல. ஆதலால் எந்நாளில் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை ஆலோசனை முடியுமுன்னரே கேட்டுக் குறித்துக்கொண்டு, குழந்தை அங்குச் சென்றதா எனப் பின்னர் உசாவுதல் களப்பணியாளரின் கடமையாகும்.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

முதலுதவிப் பெட்டியில் மூடியுள்ள சிறு கிண்ணம், மருத்துவ உப்புநீர்ப் புட்டி, சுத்தமான பஞ்சுத்துணி, கையுறை ஆகியவற்றோடு, அருகிலுள்ள சுகாதார நிலையம், மாவட்ட மருத்துவமனைப் பல் பிரிவு ஆகியவற்றின் எண்களை எழுதி வைக்க வேண்டும். பருவந்தோறும் ஒருமுறை மாணவர்க்கு மூன்று வினாக்கள் கொடுக்கலாம்: விழுந்த பல்லை எங்கே பிடிப்பது? எதில் இடுவது? எவ்வளவு நேரத்திற்குள்? விபத்து நேரும்போது முதலில் அருகில் இருப்பவர் பெரும்பாலும் மற்றொரு மாணவரே. இம்மூன்றிற்கும் விடையறிந்த மாணவர் ஒருவர் உடனிருந்தால், ஆசிரியர் வந்து சேருமுன்பே பல் பாலில் இருக்கும்.