பேர் வைக்கும் முன் மைக்கில் சொல்லிப் பாருங்கள்

ஜேடர்பாளையம் படுகை அணைக்கு வந்து, மீன் வறுவலைச் சுற்றி உட்கார்ந்து, மெல்லிசைக் குழுவுக்குப் பேர் தேடும் தம்பிகளை நிறையப் பார்த்துவிட்டேன். கீபோர்டு வந்தாச்சு, பேடு வந்தாச்சு, பேர் மட்டும் வரமாட்டேங்குது.

முதலில் ஆளுக்குப் பத்துப் பேர் எழுதுங்கள். அதில் ‘மெலடீஸ்’, ‘ராகங்கள்’ என்று முடிவதையெல்லாம் அடித்துவிடுங்கள். பரமத்தி வேலூர் வரை ஒருமுறை சுவரொட்டி பார்த்துக்கொண்டே போனால் காரணம் புரியும்.

மிச்சத்துக்குப் பக்கத்திலேயே தேடுங்கள். கொச்சியில் 2013-இல் கிளம்பிய குழுவுக்கு அங்குள்ள ஓர் இடத்தின் பேர்தான்: தைக்குடம் பிரிட்ஜ். இன்னொரு மலையாள ராக் குழு ‘அவியல்’. சொன்னதும் நாக்கில் நிற்கிறது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. கனமான பேர், ஆனால் நம்ம ஊர்ப் பண்டிகை மைக்கில் திக்கும்.

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பேரைக் காகிதத்தில் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பீட்டில்ஸ்காரர்கள் வண்டின் பேரில் ஓர் எழுத்தை மாற்றித் தாளத்தை நுழைத்தார்கள். அது கண்ணுக்கான விளையாட்டு. நமக்கு வேலை வருவதோ காது வழியாக. அதனால் மாரியம்மன் பண்டிகைக்கு மைக் பிடிப்பவரிடம் பேரைக் கொடுத்து, ஒத்திகை இல்லாமல் ஒரே தடவை சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, போனில் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். “என்னது?” என்று அவர் இரண்டாம் தடவை கேட்டால் அந்தப் பேர் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. ‘ஃப்யூஷன்’ என்று முடியும் பேரை ஒரு குழு வைத்தது. நோட்டீசில் ‘பியூசன்’ ஆனது, மைக்கில் ‘பீசன்’ ஆனது. கடைசியில் ‘பியூஸ் போன குழு’ என்று ஊர் வைத்த பேரே நின்றுவிட்டது.

ஆள் பேரை வைக்காதீர்கள். பாவலர் பிரதர்ஸ் இசைக்குழுவினர் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குச் சரி. உங்கள் பாடகர் அடுத்த வருசம் கோபித்துக்கொண்டு போனால் பேரும் கூடவே போய்விடும். பேர் குழுவுக்குச் சொந்தம் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடாது, கெடும் என்பவர்தான் நாளைக்குக் கேட்கப்போகிறவர்.

பிறகு அந்தப் பேர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று யூடியூபிலும் வணிகமுத்திரைத் தளத்திலும் தேடுங்கள், தேடக் காசு ஆகாது. பேரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்வதென்றால், இசை நிகழ்ச்சி 41-ஆம் வகுப்பில் வரும். தனியாளாக இணையத்தில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், பதிவு பத்து வருசத்துக்கு.

நான் குழு வைத்திருந்தால், இங்கிருந்து பிரிந்து போகும் ‘ராஜவாய்க்கால்’ பேரைத்தான் வைத்திருப்பேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், தேடிப் பார்த்துவிட்டு.