சதுப்பு நிலமும் அயலார் முறைப்பாடும்

தெமட்டகொடைக்குக் கிழக்கே கொலன்னாவைச் சதுப்பு நிலம் கிடக்கின்றது. வெறுஞ் சேறென்றே பலர் கருதுவர். பெருமழை நீரை ஏற்றுத் தேக்கிச் சிறிது சிறிதாகக் கால்வாய்க்கு விடுவது அதன் தொழில். அது தூர்ந்தால் வெள்ளம் நம் வாசலுக்கு வரும்.

அதன் ஓரத்தில், மீதொட்டமுல்லையில், கொழும்பின் குப்பை ஆண்டுக்கணக்காய்க் கொட்டப்பட்டு மலையாயிற்று. அயலில் வாழ்ந்த எளியோர் வீதியில் இறங்கி எதிர்த்தனர். துர்நாற்றம் பற்றிய முறைப்பாடென்றே நகரத்தார் எண்ணினர் போலும். மெய்யில் அது நிலத்தைப் பற்றிய அறிவு. நீரூறிய மென்மண் பெரும்பாரம் தாங்காது. மழைநீர் குப்பையுட் புகப் பாரம் இன்னும் கூடும். 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அம்மேடு சரிந்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். வீடுகள் பல புதைந்தன. அதன் பின்னரே அங்குக் கொட்டுதல் நின்றது.

மறு ஆண்டு, 2018 இல், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென முதன்முதல் ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைதான். ஆயினும் சதுப்பில் மண் கொட்டும் லொறியை முதலிற் காண்பவர் அயலாரே. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் பலர் உளர். அன்னார் முறைப்பாட்டை எழுத்தில் வடித்துக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும்.