நகரத்து மழைக்குழியும் நெல் வயலும்

தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. பெய்த நீர் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, வண்டிச் சக்கரத் தேய்மானம் ஆகியவற்றை அடித்துக்கொண்டு வடிகாலுக்கு ஓடுகிறது. அமெரிக்காவில் சுமார் 700 ஊர்களில் மழைநீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் செல்கின்றன. கனமழையில் குழாய் கொள்ளாமல், சுத்தம் செய்யப்படாத நீர் ஆற்றில் கலந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாக அங்கே மழைக்குழிகள் அமைக்கப்படுகின்றன. இக்குழிகளை ஆராய்ந்து கிடைத்த பாடம் நெல் பயிரிடும் உழவர்களுக்கும் பயன்படும்.

மழைக்குழியின் அமைப்பு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இம்முறை உருவாயிற்று. சாலையோரத்தில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி, மணல் மிகுந்த மண்ணை நிரப்பி, மேலே மூடாக்கு இட்டு, செடிகளை நடுகிறார்கள். சாலை நீர் இதில் தேங்கி, மண் வழியே மெதுவாக இறங்குகிறது.

மாணவர்களுக்கு உதவித்தொகை

கட்டுமானம் அறிந்தவர் குழியை அமைத்துவிட்டுப் போய்விடுவார். மண்ணையும் செடியையும் நுண்ணுயிரையும் அறிந்தவர் காட்டிலும் புல்வெளியிலும் ஆய்வு செய்துகொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து வேலை செய்தால்தான் குழி பயன் தருகிறதா என்பது தெரியும். 2005-இல் அலெக்சாண்டர் ஃபெல்சன், ஸ்டூவர்ட் பிக்கெட் என்ற இரு அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டனர். நகரில் அமைக்கும் பூங்காவையும் மழைக்குழியையுமே ஆய்வுத் திடல்களாக வடிவமைக்கலாம் என்பதே அது. நம் ஆராய்ச்சி நிலையங்களில் பாத்தி பாத்தியாகப் பிரித்து இரகங்களை ஒப்பிடுவது போன்றதே இதுவும்.

இவ்வகை ஆய்வுக்கு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் நிலையங்கள் உள்ளன. யேல் பல்கலைக்கழகத்தின் ஹிக்சன் மையம் அவற்றுள் ஒன்று. இத்துறையில் ஈடுபடும் மாணவரின் வேலை எளிய வேலைதான்: குழிக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் சோதித்தல், நீர் இறங்கும் வேகத்தை அளத்தல், எந்தச் செடி பிழைத்தது என்று குறித்தல்.

அளந்தபோது தெரிந்த குறை

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவிசும் அவருடன் பணிபுரிந்தவர்களும் செய்த சோதனை 2001-இல் வெளிவந்தது. செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் மண்ணில் தங்கிவிட்டன. மணிச்சத்திலும் பெரும்பகுதி தங்கியது. ஆனால் நைட்ரேட் தங்கவில்லை. சில சமயங்களில் உள்ளே வந்ததைவிட அதிக நைட்ரேட் வெளியே போயிற்று!

காரணம் என்ன? காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அமோனியாவைக் களிமண் பிடித்துக்கொள்ளும்; நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை. அது நீரோடு கரைந்து ஓடுகிறது. அவ்வாறு செசபீக் வளைகுடா போன்ற நீர்நிலைகளைச் சேரும் தழைச்சத்தால் பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த குழியின் இக்குறை, அளக்காமல் விட்டிருந்தால் வெளிப்பட்டிராது.

செய்த திருத்தம்

ஹன்ஹோ கிம், எரிக் சீக்ரன், ஆலன் டேவிஸ் ஆகியோர் 2003-இல் ஒரு வழியைக் கூறினர். குழியின் அடிப்பகுதியில் எப்போதும் நீர் நிற்கும்படி வெளிப்போக்கை உயர்த்தி, அந்த அடுக்கில் கரிமப் பொருளைக் கலப்பதே அவ்வழி. கோதுமை வைக்கோல், மரத்தூள், மரச்சீவல், கிழித்த செய்தித்தாள் முதலியவற்றைச் சோதித்ததில் செய்தித்தாளே சிறந்ததாக இருந்தது. நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. தழைச்சத்து வாயுவாக மாறி வானத்துக்குப் போய்விடுகிறது.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் பல செடிகளை ஒப்பிட்டனர். தழைச்சத்தை நீக்குவதில் கேரக்ஸ் அப்ரெசா என்ற செடி மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக விளங்கியது. அது நாம் களையென்று பிடுங்கும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நெல் வயலுக்குப் பாடம்

நகரத்தார் விரும்பிச் செய்யும் இந்த இழப்புதான் நெல் வயலில் நாம் விரும்பாமல் நடக்கிறது. வயல் காயும்போது அமோனியா நைட்ரேட்டாகிறது. மீண்டும் நீர் கட்டினால் அந்த நைட்ரேட் வாயுவாகிப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய உரம் காற்றில் கலக்கிறது. இதைக் குறைக்கக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. நீர் தேங்கும் நெல் வயலுக்கு நைட்ரேட் வடிவ உரத்தை அடியுரமாக இடக் கூடாது.

2. யூரியாவை ஒரே தடவையில் இடாமல் பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இட வேண்டும்.

3. மேலுரம் இடுமுன் நீரை வடித்து, சேறாக இருக்கும்போது உரமிட்டு, பிறகு நீர் கட்ட வேண்டும். மடையை அடைத்து வைக்க வேண்டும்.

4. உரமிட்டவுடன் சில நாட்களுக்கு வயலை வெடிக்க விடக் கூடாது.

5. 2015 முதல் நம் நாட்டு யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. வேம்பு, அமோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆயினும் மேற்கூறிய முறைகளை விட்டுவிடலாகாது.

குழி வைத்திருப்போர் கவனத்திற்கு

வீட்டிலோ தோட்டத்திலோ மழைநீர்க் குழி வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சோதித்துப் பார்க்கலாம். குழியில் நீர் நிரப்பி, அளவு குறித்த குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று எழுதி வைக்கவும். சென்ற ஆண்டைவிட வேகம் குறைந்திருந்தால் மேலே படிந்த வண்டலை வாரி எடுக்கவும். வாரிய மண் தோட்டத்துக்கு உதவும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சூழலியல் ஆய்வு உதவித்தொகைகளைப் பற்றித் தம் ஆசிரியர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். சேற்றில் இறங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இவ்வேலை புதிதல்ல.